செம்பில் ஒரு முகம், பாறையில் ஒரு பெயர்

வெள்ளிக்கிழமை பல்லாவரத்தில் இறங்குகிறவர் சந்தைக்கு வழி கேட்க வேண்டியதில்லை. பையும் கையுமாகப் போகிற கூட்டத்தின் பின்னால் நடந்தால் பழைய டிரங்க் சாலை வந்துவிடும். இந்தப் பக்கம் காய்கறி, அந்தப் பக்கம் ரோஜாப் பதியனும் குரோட்டன்ஸும். கூண்டில் புறா, பாலிதீன் பையில் வண்ணமீன். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் கழற்றிப் போட்ட மோட்டார், ஓடாத சுவர்க்கடிகாரம், ஒற்றை ஸ்பீக்கர், பித்தளைச் சொம்பு, செல்லாத காசு, கண்ணாடி விரிசல் விட்ட பழைய படங்கள். எல்லாம் தார்ப்பாயில் பரப்பிக் கிடக்கும். இங்கே வருகிறவர்களில் ஒரு சாரார் இன்னது வாங்க வேண்டும் என்ற திட்டத்தோடு வருவதில்லை. கண்ணில் எது படுகிறதோ அதுதான் அன்றைய சரக்கு.

அப்படி ஒரு தார்ப்பாயில், சட்டம் இல்லாத, பழுப்பேறிய கனத்த தாள் ஒன்று அகப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீள்வட்டத்துக்குள் முடிசூடிய தாடிக்காரர் ஒருவர். சுற்றிலும் கல்மாடம் போல வரைந்த அலங்காரம். அடியில் லத்தீனில் ஒரு பெயர்: ஜான், இங்கிலாந்தின் அரசன். 1215-இல் மாக்னா கார்ட்டாவுக்கு முத்திரை வைத்து, மறு ஆண்டே இறந்துபோன அதே ஜான். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பெயர், முகத்தோடு கைக்கு வந்திருக்கிறது. பேரம் பேசுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 800 ஆண்டுகளுக்கு முன் இறந்தவரின் முகம் இதை வெட்டியவருக்கு எப்படித் தெரிந்தது?

'வெட்டியவர்' என்பது சரியான சொல்தான். பாத்திரக் கடையில் எவர்சில்வர் தூக்குக்கும் பித்தளை அண்டாவுக்கும் பெயர் வெட்டித் தருகிறவரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உலோகத்தின்மேல் கோட்டை உழுதுகொண்டு போகும் அந்தக் கைதான் இந்தப் படத்துக்கும் மூலம். ஐரோப்பாவில் செப்புத்தகட்டில் படம் வெட்டும் தொழில் 15-ஆம் நூற்றாண்டில் பொற்கொல்லர் பட்டறையிலிருந்துதான் பிறந்தது. நகைக்கும் வெள்ளித் தட்டுக்கும் பூவேலை செய்தவர்கள், அந்தப் பள்ளத்தில் மையைத் தேய்த்துத் தாளில் ஒற்றிப் பார்த்தபோது ஒரு புதிய கலை கைவந்தது.

தமிழ்நாட்டுக்குச் செம்பில் வெட்டுவது அதற்கும் பல நூற்றாண்டு முந்திய பழக்கம். பல்லவர், பாண்டியர், சோழர் செப்பேடுகள் எல்லாம் அந்த வகை. ஆனைமங்கலத்து ஊர்வருவாயை நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்குக் கொடுத்ததைச் சொல்லும் லெய்டன் பெரிய செப்பேடு மட்டும் 21 தகடுகள் கொண்டது. பாண்டியரின் வேள்விக்குடிச் செப்பேட்டில், 8-ஆம் நூற்றாண்டில் அதை வெட்டிய யுத்தகேசரிப் பெரும்பணைக்காரன் தன் பெயரையும் பதித்துவிட்டுப் போயிருக்கிறான். ஐரோப்பியப் படங்களின் அடியிலும் ஓர் ஓரத்தில் பெயரும் பக்கத்தில் 'ஸ்கல்ப்சிட்' என்ற லத்தீன் சொல்லும் இருக்கும். 'இன்னார் வெட்டினார்' என்று பொருள். ஆயிரம் ஆண்டும் கடல்களும் இடையில் கிடந்தாலும் கைவினைஞரின் பெருமிதம் ஒரே மாதிரி பேசுகிறது.

வேறுபாடு பயனில் இருக்கிறது. செப்பேட்டை நேரே படிக்கலாம். வெட்டிய தகடே ஆவணம். அச்சுக்கான தகட்டில் எல்லாம் இடவலம் மாறி இருக்க வேண்டும். எழுத்தைக்கூடத் திருப்பித்தான் வெட்ட வேண்டும். பியூரின் என்ற சிறிய உளியின் குமிழை உள்ளங்கையில் பொருத்தி முன்னால் தள்ளினால், செம்பு மெல்லிய சுருளாகக் கிளம்பி வரும். வளைவுக் கோடு வேண்டுமானால் உளியைத் திருப்புவதில்லை. மணல் நிரப்பிய தோல்மெத்தையின்மேல் தகட்டை வைத்து, தகட்டைத்தான் சுழற்றுவார்கள். நிழல் என்று ஒன்று தனியாகக் கிடையாது. நெருக்கமான கோடுகள், அவற்றின்மேல் குறுக்குக் கோடுகள், இடையிடையே புள்ளி, அவ்வளவுதான். கன்னத்தின் மேடும் வெல்வெட்டின் மடிப்பும் அந்தக் கோடுகளின் தடிப்பிலும் இடைவெளியிலுமே பிறக்கின்றன. பிறகு தகட்டில் மை பூசி, மேற்பரப்பை மட்டும் துடைத்து, ஈரத்தாளை மேலே வைத்து இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டால், பள்ளத்தில் தங்கிய மை தாளுக்கு ஏறும். அந்த அழுத்தத்தில் தகட்டின் நான்கு விளிம்பும் தாளில் பள்ளமாகப் பதியும். அச்சடிக்க அடிக்கச் செம்பு தேய்ந்துகொண்டே வரும். சில நூறு படிகளுக்குப் பின் நுண்கோடுகள் மங்க, மறுபடி உளியெடுத்து ஆழப்படுத்த வேண்டியிருக்கும்.

இங்கிலாந்து அரசர் வரிசையை இப்படி வெட்டியவர்களில் தலையாயவர் ஜார்ஜ் வெர்ட்யூ. 1684-இல் லண்டனில் பிறந்தவர். முதலில் வெள்ளிப் பாத்திரங்களில் குடும்பச் சின்னம் வெட்டும் ஒருவரிடம் தொழில் பழகினார். பிறகு மைக்கேல் வாண்டர்குக்ட் என்ற படவெட்டுநரிடம் ஏழு ஆண்டு. 1717-இல் லண்டன் தொல்பொருள் கழகத்தின் அதிகாரப்பூர்வ வெட்டுநர் ஆனார். பிரான்சை விட்டு வெளியேறிய புராட்டஸ்டன்டு வீரரான பால் தெ ராப்பின் பிரெஞ்சில் எழுதிய இங்கிலாந்து வரலாற்றை நிக்கோலஸ் டின்டல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். நாப்டன் குடும்பத்துப் பதிப்பாளர்கள் அதைப் பெரிய அளவில் வெளியிட்டார்கள். அதற்கு இணையாக வெர்ட்யூ வெட்டிய அரசர் தலைகள் 1736-இல் தனித் தொகுதியாகவும் வந்தன. ராப்பின் நூல் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு விரும்பப்பட்ட வரலாறு. ஆகவே அந்தத் தலைகளும் ஊரெங்கும் பரவின. நடுக்கால அரசர்கள் என்றவுடன் ஆங்கிலேயர் பல தலைமுறைக்கு மனத்தில் கண்டது வெர்ட்யூ தந்த முகங்களைத்தான்.

வெர்ட்யூவின் தனிச்சிறப்பு, முகம் வேண்டுமென்றால் கல்லறைக்குப் போனது. அவருக்கு முந்தியவர்கள் பலர் அந்தச் சிரமமே படவில்லை. 1493-இல் வெளிவந்த நியூரம்பர்க் நாளாகமம் என்ற உலக வரலாற்று நூலில் 1,800-க்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. ஆனால் வெட்டிய மரக்கட்டைகள் 645தான். ஒரே கட்டை ஓரிடத்தில் ஓர் அரசர், இன்னோரிடத்தில் வேறோர் அரசர். வாசகர்களும் அதைக் குறையாக எண்ணியதாகத் தெரியவில்லை. அரசன் என்றால் முடி, செங்கோல், தாடி. ஆளடையாளம் பெயரில் இருந்தால் போதும். 1530 வாக்கில் ஜான் ராஸ்டல் தன் வரலாற்று நூலில் இங்கிலாந்து அரசர்களை முழு உருவமாக மரக்கட்டையில் வெட்டிப் போட்டார். 1618-இல் ஹென்றி ஹாலண்டு வெளியிட்ட தொகுதிக்கு ரெனால்டு எல்ஸ்ட்ராக் முதலாம் வில்லியத்திலிருந்து வரிசையாகச் செம்பில் வெட்டினார். இடைப்பட்ட காலத்தில் பிரபுக்களின் மாளிகை நடைக்கூடங்களில் அரசர் வரிசையை எண்ணெய் வண்ணத்தில் தொங்கவிடுவது நாகரிகமாயிற்று. ஒரு மாளிகைப் படத்தைப் பார்த்து இன்னொரு மாளிகைக்கு, அதைப் பார்த்துச் செம்புக்கு என்று முகங்கள் படியெடுக்கப்பட்டன. மூலமுகம் எது என்று தேடினால் பல வேளைகளில் ஒரு பட்டறைக்காரரின் கற்பனையில்தான் போய் முடியும்.

காசுகள் உதவுமா? அங்கேதான் நடுக்காலம் ஆய்வாளரை நன்றாக அலைக்கழிக்கிறது. இரண்டாம் ஹென்றி 1180-இல் குறுஞ்சிலுவைப் பென்னி என்ற வெள்ளிக்காசை வெளியிட்டார். அதன் ஒருபுறம் நேர்முகமாக ஒரு தலை, சுற்றி ஹென்றி என்ற பெயர். ஹென்றி இறந்து ரிச்சர்டு வந்தார். ரிச்சர்டு இறந்து ஜான் வந்தார். காசில் பெயர் மாறவில்லை. 1247 வரை அச்சான அந்த வகைக் காசு முழுவதிலும் ஹென்றி என்றே இருக்கிறது. ஜான் ஆட்சியில் இங்கிலாந்தில் புழங்கிய வெள்ளியில் ஜானின் பெயரும் இல்லை, முகமும் இல்லை.

இதற்கு நேர்மாறான கதை நம் பக்கத்துக் கடலில் நடந்தது. முதலாம் ராஜராஜன் காசில் ஒருபுறம் நிற்கும் உருவம், மறுபுறம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் பெயர். சோழர் இலங்கையை விட்டுப் போன பிறகும் அங்கே ஆண்ட அரசர்கள் அதே உருவத்தை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றி அடித்தார்கள். அவர்களில் ஒருவரான பராக்கிரமபாகுவின் காசில் இருக்கிற உருவத்துக்கு மூலம் ராஜராஜன் காசு. இங்கிலாந்தில் பெயர் நிலைத்து அரசர் மாறினார்கள். இலங்கையில் உருவம் நிலைத்து பெயர் மாறியது. இரண்டு இடத்திலும் காசு வாங்கியவருக்கு வேண்டியிருந்தது வெள்ளியின் தரமும் செம்பின் எடையும்தான். அரசனின் மூக்கு எப்படி இருந்தது என்பதல்ல.

காசு கைவிட்டதால் வெர்ட்யூ போன்றவர்கள் கல்லறைச் சிற்பங்களை நாடினார்கள். வெஸ்ட்மின்ஸ்டரில் மூன்றாம் ஹென்றிக்கு வில்லியம் டோரல் 1291-இல் வார்த்த வெண்கலப் படிமம் இருக்கிறது. ஆனால் ஹென்றி இறந்தது 1272-இல். அமைதியான, வயதேறாத அந்த முகம் ஓர் அரசன் எப்படி இருக்க வேண்டும் என்ற எண்ணத்தின் வார்ப்பு. மூன்றாம் எட்வர்டு விஷயம் வேறு. 1377-இல் அவரது இறுதி ஊர்வலத்துக்கு மரத்தால் செய்த உருவம் இன்னும் இருக்கிறது. அதன் முகம் இறந்தவரின் முகத்திலிருந்தே அச்செடுத்தது என்பது அறிஞர் கருத்து; வாயின் ஒரு பக்கம் சற்றே தொங்குவது கடைசியில் அவரைத் தாக்கிய பக்கவாதத்தைக் காட்டுகிறது என்பார்கள். அடுத்து வந்த இரண்டாம் ரிச்சர்டுதான் உயிரோடு இருக்கும்போதே வண்ணத்தில் தீட்டப்பட்ட முகத்தை நமக்கு விட்டுச்சென்ற முதல் இங்கிலாந்து அரசர். வெஸ்ட்மின்ஸ்டரில் ஏழடி உயரத்துக்கு நிற்கும் அந்தப் பலகையோவியம் 1390-களைச் சேர்ந்தது. வெர்ட்யூ அதை 1718-இலேயே தொல்பொருள் கழகத்துக்காகச் செம்பில் வெட்டினார்.

இனி ஜான். வொர்ஸ்டர் தேவாலயத்தில் பர்பெக் கல்லில் படுத்திருக்கும் உருவம்தான் அவருக்கு மிஞ்சிய நம்பகமான சாயல். அதுவும் அவர் இறந்து சுமார் 15 ஆண்டுக்குப் பின், 1232 வாக்கில் செதுக்கியது. 1797 ஜூலை 17-ஆம் தேதி அந்தக் கல்லறையைத் திறந்தார்கள். உள்ளே எலும்புக்கூடு, சிற்பத்தில் இருக்கிற மாதிரியான அங்கி, பக்கத்தில் வாள். உயரம் ஐந்தடி ஆறரை அங்குலம் என்று அளந்தார்கள். சிற்பத்தில் முடி இருந்த இடத்தில், உள்ளே ஒரு துறவியின் தலைத்துணி. இந்த நிகழ்ச்சியை நூலாக எழுதி வெளியிட்டவர் வேலன்டைன் கிரீன். அவரும் தொழில்முறைப் படவெட்டுநர். செம்பில் மெசோடின்ட் முறையில் முகங்களை உருவாக்கிப் பேர்பெற்றவர். அந்தத் தொழிலில் இருந்த ஒருவர் அரசனின் உண்மைத் தலையைப் பற்றி எழுத நேர்ந்தபோது, எழுதுவதற்கு முகம் மிச்சமில்லை.

உண்மை முகத்துக்கு மிக அருகில் போக முடிந்தது மூன்றாம் ரிச்சர்டு விஷயத்தில். ஷேக்ஸ்பியர் கூனனாக மேடையேற்றிய அரசர். 1485-இல் போரில் விழுந்தவரின் முகத்தைக் காட்டுவதாகச் சொல்லப்படும் பழைய படங்களில் மிகப் பழையதே 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அரச குடும்பத்துச் சேகரிப்பில் உள்ள ஒரு படத்தை எக்ஸ்ரேயில் பார்த்தபோது, முதலில் இயல்பாக வரைந்த தோளைப் பிறகு யாரோ உயர்த்தித் தீட்டியிருப்பது தெரிந்தது. பகையாளிகளான ட்யூடர்கள் ஆட்சிக்கு வந்த பிறகு முகத்தோடு உடலும் மாறியிருக்கிறது. 2012-இல் லெஸ்டர் நகரத்துக் கார் நிறுத்துமிடம் ஒன்றின் அடியில் அவரது எலும்புக்கூடு கிடைத்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் அவர்தான் என்று அறிவித்தார்கள். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது உண்மை. வலது தோள் கொஞ்சம் உயர்ந்து இருந்திருக்கும், கூன் இல்லை. 2014-இல் வந்த மரபணு ஆய்வு, கண் நீலமாக இருந்திருக்க 96 சதவீத வாய்ப்பு என்றது. கறுப்பு முடியும் கடுகடுத்த கண்ணுமாகப் பிற்காலத்தில் வெட்டித் தள்ளிய ரிச்சர்டு படங்களை இப்போது எடுத்துப் பார்த்தால், அவற்றில் தெரிவது ட்யூடர் காலத்தின் மனம்.

அதனால் இந்தப் படங்கள் பொய் என்று தூக்கிப் போடலாமா? கூடாது. ஜானைப் பற்றி அவை சொல்வது குறைவு; 1730-களின் இங்கிலாந்தைப் பற்றிச் சொல்வது நிறைய. தன் நாட்டுக்கு அறுபடாத ஓர் அரசர் வரிசை உண்டு, அதில் ஒவ்வொருவருக்கும் முகம் உண்டு என்று நம்ப விரும்பிய ஒரு நடுத்தர வர்க்கம் புத்தகம் வாங்கத் தொடங்கிய காலம் அது. அந்த விருப்பத்தின் வரலாற்றுக்கு ஒவ்வொரு தாளும் முதல்தரச் சான்று.

புத்தகத்தில் இருந்த படம் தனித்தாளாக அலைவதற்கும் ஒரு கதை உண்டு. ஆக்ஸ்போர்டுஷயரில் ஷிப்லேக் என்ற சிற்றூரின் பாதிரியார் ஜேம்ஸ் கிரேஞ்சர். அவர் 1769-இல் இங்கிலாந்துப் பெருமக்கள் வரலாறு ஒன்றை எழுதினார். யாருக்கு எந்தெந்த அச்சுப்படம் இருக்கிறது என்று பட்டியல் கொடுத்தார். நூலில் படம் போடவில்லை. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கியவர்கள் படங்களைத் தேடி ஒட்டத் தொடங்கினார்கள். அதற்காக நல்ல நல்ல புத்தகங்களைக் கத்தியால் கிழித்தார்கள். கிரேஞ்சர் பெயரையே அந்தப் பைத்தியத்துக்குச் சூட்டிவிட்டது ஆங்கில மொழி. இன்றும் பழம்பொருள் கடைகளில் தனித்தாளாகக் கிடைக்கும் அரசர்களில் பலர் அப்படி வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள். ஒரு நூலின் முதுகை உடைத்துப் படத்தை உருவி விற்கிற வழக்கம் இப்போதும் எல்லா நாட்டிலும் இருக்கிறது. புத்தகத்தை நேசிக்கிறவர்கள் அதை ஒரு கொலையாகவே பார்க்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது.

இவை மதராசுக்கு வந்த வழி தெளிவானது: கும்பெனிக் கப்பல். பரங்கிமலை மதராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடம். ஒட்டினாற்போல் பல்லாவரம் கண்டோன்மென்ட். அதிகாரிகள் படிக்கப் புத்தகம் கொண்டுவந்தார்கள், சுவரில் மாட்டப் படம் கொண்டுவந்தார்கள். இங்கேயே இறந்தவர்களின் உடைமைகளை ஏலம் போட்டுப் பணமாக்கி வாரிசுக்கு அனுப்புவது அக்கால வழக்கம். அப்படிக் கைமாறிய நாற்காலியும் நூலும் படமும் ஊருக்குள் கலந்தன. இன்னொரு வழி நூலகங்கள். சென்னை இலக்கியக் கழகம் 1812-இல் தோன்றியது. கும்பெனி அதிகாரிகளைப் பயிற்றுவித்த ஹெய்லிபரி கல்லூரி மூடப்பட்ட பின் அங்கே மிஞ்சிய நூல்கள் மதராசுக்கு அனுப்பப்பட்டன. 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகத்தின் வேர் அந்த மூட்டைகளில் இருக்கிறது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி தானே ஐரோப்பிய நூல்களையும் அச்சுப்படங்களையும் வரவழைத்துச் சேர்த்தார். மனித முகத்தை விலங்கு முகத்தோடு ஒப்பிடும், பிரெஞ்சு ஓவியர் லெ ப்ருன் வரிசைப் படங்களைச் சரஸ்வதி மகாலில் இன்றும் பார்க்கலாம்.

படம் மட்டும் அல்ல, வெட்டும் தொழிலும் இங்கே வந்தது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் மதராசில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். அங்கே தமிழ்ப் பிள்ளைகள் மரக்கட்டையில் படம் வெட்டப் பழகினார்கள். இன்று பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி அதன் தொடர்ச்சி. பதிப்போவியத்துக்கு அங்கே இன்னும் இடம் இருக்கிறது.

பழைய தாள்கள் கடைசியாக ஒதுங்கிய துறைமுகம் மூர் மார்க்கெட். 1900-இல் திறந்த அந்தச் செங்கல் கட்டடத்தில் பழைய புத்தகக் கடைகள் ஒரு தனி உலகம். 1985 மே மாதம் தீ அதைத் தின்றது. அன்று எரிந்த தாள்களில் என்னென்ன இருந்தன என்பதற்குப் பட்டியல் கிடையாது. ஏலக் கடைகளும் தம் பங்குக்குச் சரக்கைப் புழக்கத்தில் வைத்திருந்தன. சென்னையின் பெயர்பெற்ற ஏல நிறுவனமான மர்ரே கம்பெனியோடு சேர்த்தே அழைக்கப்பட்ட மர்ரே எஸ். ராஜம்தான், 1950-களில் சங்க நூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் அச்சிட்டு எளிய வாசகர் கைக்குக் கொண்டுசேர்த்தவர். பழம்பொருள் விற்ற கையால் பழந்தமிழ் பரவியது சென்னைக்கே உரிய நல்லூழ்.

சரி, தார்ப்பாயில் கிடந்த தாள் உண்மையிலேயே பழையதுதானா? கண்ணும் விரலும் ஒரு சின்னப் பூதக்கண்ணாடியும் போதும். முதலில் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். கம்பிச் சல்லடையில் ஊற்றிச் செய்த பழைய கைத்தாளில், விரலகல இடைவெளியில் நெடுங்கோடுகளும் அவற்றுக்குக் குறுக்கே நெருக்கமான மெல்லிய கோடுகளும் தெரியும். கோடு தெரியாத வழுவழுப்புத் தாள் 1757-இல் அச்சான பாஸ்கர்வில் பதிப்பு ஒன்றில்தான் இங்கிலாந்தில் முதலில் புத்தகமேறியது. ஆகவே 1736 என்று போட்ட படம் அப்படிப்பட்ட தாளில் இருந்தால் அது பின்னால் அடித்த படி. அடுத்து விளிம்பு: தகடு அழுத்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், ஓரத்தை வெட்டியிருந்தால் அது போயிருக்கும். மூன்றாவது, கோடு. உண்மையான செதுக்கலில் மை தாளுக்கு மேலே மெலிதாகப் புடைத்து நிற்கும்; கோடு கூராகத் தொடங்கி நடுவில் தடித்து மறுபடி கூராக முடியும். கண்ணாடியில் வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது 1880-களுக்குப் பின் வந்த புகைப்பட அச்சு. பழமையை நடிக்கும் நகல். மயிரிழை போன்ற வெளிறிய கோடுகளாக இருந்தால் 1820-களுக்குப் பின் புழக்கத்துக்கு வந்த எஃகுத் தகடாக இருக்கக்கூடும். எஃகு ஆயிரக்கணக்கில் தேயாமல் உழைக்கும். ஆனால் செம்பின் ஆழக் கருமை அதற்கு வராது.

வாங்கியவர் செய்யக் கூடாதவை இரண்டு: கறையைப் போக்குகிறேன் என்று வெயிலில் காயவைப்பது, சட்டம் போடும் கடைக்காரர் பசை தடவி அட்டையில் ஒட்ட விடுவது. 300 ஆண்டு தாங்கிய தாள் அந்த ஒரு நாளில் செத்துவிடும்.

இத்தனையும் சொல்லிவிட்டுப் பல்லாவரத்தை விட்டு நகர முடியாது. ஏனென்றால், நடுக்கால அரசன் ஒருவன் தன்னைத் தானே வெட்டிவைத்துவிட்டுப் போன இடம் இந்த ஊரிலேயே இருக்கிறது.

பல்லவபுரம் என்பதே பல்லாவரம் ஆனது என்பார்கள். 1863 மே 30-ஆம் தேதி, படைப் பயிற்சித் திடலுக்குப் பக்கத்துச் செம்மண் பள்ளத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்லியலின் கணக்கையே பின்னுக்குத் தள்ளிய ஊர் இது. அரசர்களுக்கெல்லாம் மூத்த கைவேலை அது. அதே ஊரின் குன்றில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகை இருக்கிறது. ஐந்து கருவறைகள் இருப்பதால் ஐவர் பெயர் ஒட்டிக்கொண்டு பஞ்சபாண்டவர் மலை ஆயிற்று. காலப்போக்கில் அது இஸ்லாமியர் வணங்கும் தர்காவாகி, இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. அந்தக் கல்லில் மகேந்திரனின் விருதுப் பெயர்கள் பல்லவக் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன.

இந்தப் பெயர்கள் சாதாரண மெய்க்கீர்த்திப் புகழ் அல்ல. தான் எழுதிய நகைச்சுவை நாடகத்தின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டு மத்தவிலாசன் என்கிறான். புதுமை நாடும் மனத்தான் என்ற பொருளில் விசித்திரசித்தன் என்கிறான். மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்ததைச் சொல்லும்போதும் அந்தப் பெயரைத்தான் பயன்படுத்துகிறான். அவன் குடைவித்த குகைகளில் இன்னும் பல: குணபரன், லளிதாங்குரன், சங்கீர்ணஜாதி, ஓவியக்காரர்க்குள் புலி என்று பொருள்படும் சித்திரகாரப்புலி. வடமொழியோடு தமிழும் தெலுங்கும் கலந்து வரும் இந்த வரிசையைப் படித்துக்கொண்டே போனால், நாடகம் எழுதுகிற, இசையில் ஊறிய, ஓவியத்தில் பெருமை கொள்கிற ஒரு மனிதன் எதிரே வந்து நிற்கிறான். மூக்கு, கண், தாடி எதுவும் தெரியாது. ஆனால் இது அவன் காலத்திலேயே, அவன் விருப்பப்படி வெட்டியது. இறந்து 500 ஆண்டுக்குப் பின் செம்பில் கிடைத்த ஜானின் முகத்தைவிட இந்தப் பெயர்கள் தன் ஆளுக்கு அருகில் நிற்கின்றன.

மகேந்திரனுக்கு முகமும் உண்டு என்று சொல்கிறார்கள். மாமல்லபுரத்து ஆதிவராகக் குகையில் இரண்டு அரசர் புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. ஒருவர் அமர்ந்திருக்க, இருபுறமும் அரசியர் நிற்கிறார்கள். இன்னொருவர் நின்றபடி அரசியரில் ஒருத்தியின் கையைப் பிடித்திருக்கிறார். மேலே பெயர்: ஒருவர் சிம்மவிஷ்ணு, மற்றவர் மகேந்திரன். தமிழ்நாட்டில் பெயர் வெட்டிய அரசர் உருவங்களில் இவ்வளவு பழையவை மிக அரிது. பெயர் இருந்தும் வழக்கு தீரவில்லை. தந்தை சிம்மவிஷ்ணுவும் மகன் முதலாம் மகேந்திரனும் என்பது ஒரு கட்சி. இல்லை, சிம்மவிஷ்ணு என்பது முதலாம் நரசிம்மவர்மனைக் குறிக்கிறது, மற்றவன் அவன் மகன் இரண்டாம் மகேந்திரன் என்பது எதிர்க்கட்சி. வொர்ஸ்டரில் ஆள் தெரியும், முகம் போய்விட்டது. மாமல்லபுரத்தில் முகம் இருக்கிறது, ஆள் யார் என்பதில் சண்டை.

முகம் இல்லாத பெரியவர்களுக்கு முகம் கொடுக்கும் ஆசையில் தமிழர் ஆங்கிலேயருக்குக் குறைந்தவர்கள் அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றுச் சுவரில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழ ஓவியம் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அதில் குருவுக்குப் பின்னால் நிற்கும் ஒருவரை ராஜராஜன் என்று பலரும் கொள்கிறார்கள், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். பள்ளிப் புத்தகமும் நாட்காட்டியும் அந்த ஐயத்தையெல்லாம் பொருட்படுத்துவதில்லை. கட்டபொம்மன் என்றவுடன் பெரும்பாலோர் மனத்தில் எழுவது 1959-இல் திரைக்கு வந்த சிவாஜி கணேசனின் மீசை. திருவள்ளுவருக்கு கே.ஆர். வேணுகோபால் சர்மா தீட்டிய முகம் 1960-இல் தபால்தலை ஏறியது. இன்று வேறொரு முகத்தை வள்ளுவர் என்றால் குழந்தைகள்கூட ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சர்மா கல்லறையைப் பார்த்து வரையவில்லை. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. குறளைப் படித்து, அதைச் சொன்னவர் இப்படித்தான் இருப்பார் என்று எண்ணித் தீட்டினார். வெர்ட்யூவுக்கு முன்னிருந்த மாளிகை ஓவியர்கள் அரசர்களுக்குச் செய்ததும் அந்த வகை வேலைதான். ஓர் ஊர் ஒரே முகத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த முகம் உரியவருக்கே சொந்தமாகிவிடுகிறது.

வெர்ட்யூ 1756-இல் இறந்தார். வாழ்நாளெல்லாம் கல்லறை கல்லறையாக, மாளிகை மாளிகையாக அலைந்து எழுதிவைத்த குறிப்பேடுகளை அவர் மனைவியிடமிருந்து ஹோரஸ் வால்போல் வாங்கினார்; இங்கிலாந்து ஓவியக்கலையின் முதல் வரலாறு 1762 முதல் அவற்றிலிருந்துதான் உருவாயிற்று. அந்தக் கையெழுத்துக் குறிப்புகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பல்லாவரத்துப் பாறையிலோ மகேந்திரனின் எழுத்துகள் வெட்டிய இடத்திலேயே நிற்கின்றன. தொழுகைக்கும் நேர்த்திக்கடனுக்கும் வருகிறவர்கள் அவற்றைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள்.